வேதா நிலையமும் எழுதப்படாத உயிலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஜூலையில், சென்னை போயஸ் தோட்டத்தில் உள்ள வேதா நிலையம் இல்லத்தைத் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தியபோது, வீட்டுக்குள் இருந்த அசையும் பொருள்களின் பட்டியலும் வெளியானது. 4 கிலோ 372 கிராம் தங்கம், 601 கிலோ 424 கிராம் வெள்ளி, 11 தொலைக்காட்சிப் பெட்டிகள், 10 குளிர்சாதனப் பெட்டிகள், 38 ஏசி, ஆயிரக்கணக்கான பாத்திரங்கள், துணிமணிகள், 8,376 புத்தகங்கள் என அது நீண்டு, மொத்தம் 32,721 பொருள்களில் முடிந்தது. ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஜெயலலிதா வாழ்ந்த வீட்டை, அவர் இறந்து மூன்றரை ஆண்டுகள் கழித்து, கரண்டி வரை எண்ணிக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பொருள்களில் எது யாருக்குச் சேர வேண்டும் என்று அவர் எழுதி வைத்த ஒரு வரிகூட எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிலைநாட்டப்படவில்லை.

ஜெ.ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 75 நாள்கள் சிகிச்சையில் இருந்து, டிசம்பர் 5 அன்று காலமானார். அதற்குச் சில மாதங்கள் முன்னர், சட்டமன்றத் தேர்தலுக்கான வேட்பு மனுவோடு அவர் அளித்த பிரமாணப் பத்திரத்தில் 113 கோடி ரூபாய்க்கு மேல் சொத்து காட்டப்பட்டிருந்தது. அதில் வேதா நிலையத்தின் மதிப்பு மட்டும் ஏறத்தாழ 44 கோடி ரூபாய். 1967இல், தாயார் சந்தியா உயிரோடு இருந்த காலத்தில், 1.32 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இடம் அது. தாயாரின் இயற்பெயரான வேதவல்லி என்பதிலிருந்தே வீட்டுக்கும் பெயர் வந்தது. தம் சொத்துகளைத் தேர்தலின்போது தேர்தல் ஆணையத்துக்கு எழுத்தில் காட்டிவந்த ஒருவருடைய கோப்புகளில் இல்லாமற்போன ஒரே தாள் உயில்தான். அதனால் விளைந்தவற்றை இங்கே வரிசையாகப் பார்க்கிறேன். அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டு, சொத்துள்ள ஒரு தனி மனிதரின் வழக்காகவே இதை அணுகுகிறேன்.

ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்து யாருக்குப் போகும் என்பதை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் பிள்ளைகளும் கணவரும் வருகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் குழந்தைகளும் இந்த முதல் வரிசையில் அடங்குவர். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளும், அதற்கடுத்துத் தாய் தந்தையும், பிறகு தந்தையின் வாரிசுகளும், கடைசியாகத் தாயின் வாரிசுகளும் வருகிறார்கள். மேல் வரிசையில் ஒருவர் இருந்தாலும் கீழ் வரிசைக்கு எதுவும் இறங்காது. ஜெயலலிதா மணம் செய்துகொள்ளவில்லை. தந்தை அவருடைய சிறு வயதிலேயே மறைந்தார். தாயார் 1971இல் மறைந்தார். ஆகவே சட்டம் நான்காவது படியான தந்தையின் வாரிசுகளிடம் வந்து நின்றது. அந்தப் படியில் பங்கிடும் முறையை 16ஆம் பிரிவு சொல்கிறது: அந்தச் சொத்து தந்தைக்கே சொந்தமாக இருந்து, மகள் இறந்த மறுகணமே தந்தையும் உயிலின்றி இறந்ததாக வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டும். தந்தையின் மகன், அதாவது ஜெயலலிதாவின் அண்ணன், முன்பே இறந்துவிட்டதால், அண்ணனின் பிள்ளைகளான ஜெ.தீபாவும் ஜெ.தீபக்கும் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வாரிசு முறையில் வந்த சொத்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டால், கணவர் வீட்டுக்குப் போகாமல் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று அதே 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கூறுகிறது. ஆனால் தாய் உயில் மூலம் கொடுத்த சொத்தோ, மகள் தானே சம்பாதித்த சொத்தோ இதில் சேராது. மணமாகாத ஒருவருக்கு இரு வழிகளும் ஒரே வாசலில் போய் முடிவதால், இந்த வழக்கில் அந்த வேறுபாடு பெரிதாகப் பேசப்படவில்லை. மணமான பெண்களுக்கோ அதுவே வாழ்வைப் புரட்டிப் போடும் வேறுபாடாகிவிடும். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வாரிசு யார் என்பதைச் சட்டம் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறது. அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட மூன்றரை ஆண்டுகள் ஆயின. சொத்துகளை நிர்வகிக்கும் அதிகாரம், அதாவது வழக்கறிஞர்கள் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்று சொல்லும் உரிமைப் பத்திரம், தங்களுக்கு வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் ஒரு பக்கம் கேட்டார்கள். சொத்துகளை நிர்வகிக்க ஒரு நிர்வாகியை நீதிமன்றமே நியமிக்க வேண்டும் என்று கட்சியைச் சேர்ந்தவர்கள் இன்னொரு பக்கம் கேட்டார்கள். இதற்கிடையே, தாம்தான் மகள் என்று கூறிப் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பெண் தொடர்ந்த வழக்கு 2018இல் தள்ளுபடியானது. உயில் இல்லாத இடத்தில் உறவு ஒன்றே உரிமைக்கு அடிப்படை ஆகிவிடுவதால், இறந்தவரின் பிறப்பு, வளர்ப்பு, உடல்நிலை, அந்தரங்கம் எல்லாமே வழக்கு ஆவணங்களாகி விடுகின்றன. தாம் வாழ்ந்த காலமெல்லாம் தம் தனி வாழ்வைக் கதவடைத்துப் பாதுகாத்த ஒருவருக்கு இது நேர்ந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

2020 மே 27 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.கிருபாகரன், அப்துல் குத்தூஸ் ஆகியோர் அடங்கிய அமர்வு, தீபாவும் தீபக்கும் சட்டப்படியான வாரிசுகள் என்று அறிவித்து, நிர்வாக அதிகாரத்தை அவர்களுக்கு வழங்கியது. வேதா நிலையத்தின் ஒரு பகுதியை மட்டும் நினைவிடமாக்கி, மீதியை முதலமைச்சரின் இல்லமும் அலுவலகமுமாகப் பயன்படுத்தலாமே என்ற யோசனையை அரசுக்கும், சொத்தின் ஒரு பகுதியைக் கொண்டு பொது நன்மைக்கு ஓர் அறக்கட்டளை அமைக்கலாமே என்ற யோசனையை வாரிசுகளுக்கும் நீதிபதிகள் முன்வைத்தார்கள். அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த இடம்தான். பொது வாழ்வில் இருந்த ஒருவரின் செல்வத்தில் ஒரு பங்கு பொதுமக்களுக்குப் பயன்பட்டால் நன்றாக இருக்கும் என்று நீதிபதிகளுக்குத் தோன்றியது. ஆனால் அவர்களால் அதை யோசனையாகத்தான் சொல்ல முடிந்தது. உத்தரவாக்கும் அதிகாரம் சொத்துக்கு உரியவரிடம் மட்டுமே இருந்தது. அவரும் அதைப் பயன்படுத்தாமலே போய்விட்டார்.

நினைவிடம் குறித்த வழக்கும் இதே இடத்தில்தான் முட்டி நின்றது. 2017 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி வேதா நிலையம் நினைவிடமாக்கப்படும் என்று அறிவித்தார். அதற்கான அறக்கட்டளைக்கு 2020 மே மாதம் அவசரச் சட்டம் வந்தது. ஜூலையில், 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்கீழ் 67.9 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டு, சென்னை உரிமையியல் நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டது. அதில் பாதிக்கு மேல் வருமான வரி, செல்வ வரி நிலுவைக்குரியது. 2021 ஜனவரி 28 அன்று நினைவில்லம் திறக்கவும் பட்டது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று நீதிபதி என்.சேஷசாயி அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தார். மெரினா கடற்கரையில் ஏற்கெனவே ஒரு நினைவிடம் எழுந்து நிற்கையில், மக்கள் வரிப்பணத்தில் இன்னொன்றுக்கு என்ன பொதுத் தேவை என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. டிசம்பர் 10 அன்று வீட்டின் சாவி வாரிசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்சியின் சார்பில் செய்த மேல்முறையீடும் 2022 ஜனவரியில் தள்ளுபடியானது.

இதை உயிலின் கண்ணோடு பார்த்தால் வேறொன்று புலப்படும். அந்த வீடு நினைவிடமாக வேண்டும் என்று அவர் விரும்பினாரா, அண்ணன் பிள்ளைகளுக்கே போகட்டும் என்று எண்ணினாரா, அல்லது இரண்டும் இன்றி வேறு ஏதேனும் மனத்தில் இருந்ததா என்பதைச் சொல்ல யாராலும் முடியாது. அரசு அவர் புகழின் பெயரால் பேசியது. கட்சி தொண்டர்களின் பெயரால் பேசியது. வாரிசுகள் இரத்த உறவின் பெயரால் பேசினார்கள். மூவரும் மனமாரவே பேசியிருக்கலாம். ஆனால் உயில் இல்லாத நிலையில் நீதிமன்றத்தின் காதில் விழக்கூடியது கடைசிக் குரல் மட்டுமே. பல்லாண்டு ஒரே கூரையின் கீழ் உடன் வாழ்ந்த தோழிக்கும், வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கும், கார் ஓட்டியவர்களுக்கும், கட்சிக்கும், கோயிலுக்கும் 15ஆம் பிரிவின் பட்டியலில் இடமே கிடையாது. அவர்களில் ஒருவருக்கு ஒரு கைக்கடிகாரம் போக வேண்டும் என்றாலும் அதை எழுதி வைத்தால்தான் உண்டு. அந்த 8,376 புத்தகங்களை எந்த நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுத ஒரு வரி போதும்.

வாரிசாவது என்றால் சொத்து மட்டும் கைக்கு வருவதில்லை என்பதையும் இவ்வழக்கு காட்டியது. இறந்தவர் செலுத்த வேண்டிய வரி அவரோடு மறைவதில்லை. அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளே அதைத் தீர்க்க வேண்டும். சொத்துக் குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று தீர்ப்பளித்தபோது, மரணத்தின் காரணமாக ஜெயலலிதா மீதான வழக்கு அற்றுப்போனது. ஆயினும் பறிமுதலான பொருள்கள் வாரிசுகளுக்குத் திரும்பவில்லை. அவற்றைக் கேட்டு வாரிசுகள் தொடுத்த முயற்சிகள் தோற்று, 2025 பிப்ரவரியில் அந்த நகைகள் தமிழ்நாடு அரசிடமே ஒப்படைக்கப்பட்டன.

இனி, மணமான பெண்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னதற்கு வருகிறேன். 15ஆம் பிரிவின் கடுமையை உணர 2009இல் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்த ஒரு வழக்கைப் பார்த்தால் போதும். 1955இல் மணமான ஒரு பெண், மூன்றே மாதத்தில் கணவரைப் பாம்புக் கடிக்கு இழந்தார். புகுந்த வீடு அவரைத் துரத்திவிட்டது. பெற்றோர் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய், வைப்பு நிதியும் வங்கிச் சேமிப்புமாக ஓரளவு பணம் சேர்த்து, 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். பணம் தமக்கு வேண்டும் என்று தாய் கேட்டார்; கணவருடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். தானே ஈட்டிய சொத்தாகையால் சட்டத்தின் வரிசைப்படி கணவரின் வாரிசுகளே முந்தியவர்கள் என்று தீர்ப்பானது. அனுதாபம் சட்டத்தை வளைக்க முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலை. சோறு போட்டுப் படிக்க வைத்த தாய்க்கு ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத வீட்டுக்கு எல்லாம். இந்தப் பிரிவை எதிர்த்து வந்த மனுக்களை 2025 நவம்பரில் விசாரித்த உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாகப் பிள்ளைகளோ கணவரோ இல்லாத இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது. இன்று சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும், அவரைப் பெற்றவர்களும் இந்த வேண்டுகோளைத் தமக்கானதாகவே கொள்ள வேண்டும் என்று உரிமையோடு சொல்கிறேன்.

உயில் எழுதுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம்; வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையொப்பமிடவோ கைரேகை வைக்கவோ வேண்டும். இரண்டு சாட்சிகள் அதைக் கண்டோ, அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது அவ்வளவே. பின்னாளில் உயிலை நிரூபிக்கும்போது அந்தச் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், தம்மைவிட இளையவர்களை, அதிலும் சொத்தில் பங்கு பெறாதவர்களைச் சாட்சியாக வைப்பது நல்லது. எழுபது வயதுக்காரர் தம் வயதுத் தோழர்கள் இருவரைச் சாட்சியாக்கினால், உயில் திறக்கும் நாளில் மூவருமே இல்லாமல் போகக்கூடும். சென்னை நகரச் சொத்துகளைப் பற்றிய உயில்களுக்கு உயர் நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, பெற்றே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. கட்டாயம் நீங்கினாலும், உயிலின் உண்மையை யாரேனும் மறுத்தால் அதை நிரூபிக்கும் சுமை நீங்குவதில்லை.

அந்தச் சுமை எவ்வளவு என்பதற்கும் இந்த நிகழ்விலேயே சான்று இருக்கிறது. மருத்துவமனையில் இருந்தபோது, 2016 அக்டோபர் இறுதியில், இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சியின் அங்கீகாரப் படிவங்களில் ஜெயலலிதாவின் இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. வலது கையில் வீக்கம் இருப்பதால் கையொப்பமிட இயலவில்லை என்று விளக்கம் சொல்லப்பட்டது. ஒரு மருத்துவர் சான்றொப்பமிட்டிருந்தார். அந்த ஒற்றை ரேகை வழக்கானது. சுயநினைவோடு வைத்ததா, யார் முன்னிலையில், யார் கையைப் பிடித்து என்று விசாரணை நீண்டு, அந்தப் படிவங்களை ஏற்றது முறையல்ல என்று கூறி, 2019 மார்ச்சில் திருப்பரங்குன்றம் தேர்தலையே உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. வெறும் தேர்தல் படிவத்துக்கே இந்தப் பாடு என்றால், அதே படுக்கையில் அதே விரலால் ஓர் உயில் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1958இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இன்றும் உயில் வழக்குகளுக்கு அடிப்படையாக உள்ளது: நடுங்கும் கையொப்பம், தளர்ந்த மனநிலை, சொந்தங்களை ஒதுக்கும் பங்கீடு, பயன் பெறுபவரே முன்னின்று எழுதுவித்தது போன்ற ஐயத்துக்குரிய சூழல்கள் இருந்தால், உயிலைக் கொண்டுவருபவரே ஒவ்வோர் ஐயத்தையும் தெளிய வைக்க வேண்டும். ஆகவே ஐசியூ வாசலில் வைத்து எழுதும் உயில் பெரும்பாலும் புதிய வழக்கொன்றுக்கே வித்திடும். நல்ல உடல்நிலையில், நடந்துபோய்ச் சார்பதிவாளர் முன்னிலையில் பதிந்து வரும் உயிலே நின்று பேசும்.

நாமினி நியமித்துவிட்டோம், பிறகு எதற்கு உயில் என்று கேட்பவர்கள் பலர். நிறுவனப் பங்குகள் குறித்து 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: நாமினி அவற்றைப் பெற்றுக்கொள்ளத்தான் உரியவர், அவற்றின் உரிமை வாரிசுகளுக்கோ உயிலில் குறிப்பிட்டவருக்கோ உரியது.

சொத்தைவிட எனக்கு நெருக்கமாகப் படுவது அந்த 75 நாள்கள். என்ன சிகிச்சை, எங்கே சிகிச்சை, யார் பார்க்கலாம், யார் முடிவெடுக்கலாம் என்ற கேள்விகள் அவருடைய மரணத்துக்குப் பிறகும் ஓயவில்லை. 2017இல் அமைந்த நீதிபதி ஆறுமுகசாமி ஆணையம் 2022 ஆகஸ்டில்தான் அறிக்கை அளித்தது. தம் உடலைக் குறித்துத் தம் சார்பில் பேச இன்னாரை நியமிக்கிறேன் என்று முன்கூட்டியே எழுதி வைக்க அப்போது நம் நாட்டில் வழியே இருக்கவில்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறி, முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்துக்கு ஒப்புதல் தந்தது. தொடக்கத்தில் அதற்கு நீதித்துறை நடுவர் முன் கையொப்பமிட வேண்டியிருந்தது. நடைமுறைக்கு ஒவ்வாத அந்த விதியை 2023 ஜனவரி 24 அன்று அதே நீதிமன்றம் தளர்த்தியது.

இப்போது, தெளிந்த மனநிலையில் உள்ள, வயது வந்த எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றுறுதி பெற்றால் ஆவணம் செல்லும். மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற கருவிகளால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டுமா என்பதையும், தம்மால் பேச இயலாதபோது பேச வேண்டிய நெருங்கியவர்களின் பெயர்களையும் அதில் குறிப்பிடலாம். ஆவணம் இருப்பதாலேயே கருவியை நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய முதல் குழுவும், அதன்பின் மாவட்ட முதன்மை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரோடு வேறு இரு நிபுணர்கள் அடங்கிய இரண்டாம் குழுவும், கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த ஏற்பாடு உயிலிலிருந்து தனியாகவே இருக்க வேண்டும். உயில் மரணத்துக்குப் பிறகுதான் உயிர் பெறும். ஐசியூவில் இருக்கும்போது அதைப் படிக்க யாருக்கும் உரிமை இல்லை.

உயிலை எழுதிய பின் அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் பீரோவையும் வங்கி லாக்கரையும் தவிர வேறு விடை அறிவதில்லை. எழுதியவர் பெயரில் மட்டும், நாமினியும் குறிக்கப்படாமல் உள்ள லாக்கரில் உயில் இருந்தால், லாக்கரைத் திறக்க வங்கி வாரிசுரிமை ஆவணம் கேட்கும். வாரிசு யார் என்று சொல்லும் ஆவணமோ லாக்கருக்குள் இருக்கும். பதிவுச் சட்டத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, மேலே பெயரை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் வைப்பாகக் கொடுக்கலாம். உள்ளே இருப்பதை அவர் படிப்பதில்லை. உறையை வாங்கி, பதிவேட்டில் குறித்து, தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். எழுதியவர் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அவர் இறந்ததைக் காட்டி ஒருவர் விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, உயிலைப் பதிவேட்டில் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை மீண்டும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.